ஜோர்டானா, லெப்ரானா? தீர்ப்பை எழுதிவிட்டு அளவுகோலைத் தேடுகிறோம்

2016 ஜூன் 19. அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் ஞாயிறு மாலை. நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை 5:30. அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரில் ஏழாவது ஆட்டம், பால் பாக்கெட் எடுத்து உள்ளே வைக்கும் நேரத்தில் தொடங்கி ஆபீசுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் முடிந்தது. கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்தவர்கள் அன்று நேரத்துக்கு வேலைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஸ்கோர் 89-89. அதன் பிறகு மூன்றரை நிமிடத்துக்கும் மேல் இரு அணியாலும் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. அந்த ஆண்டின் மிகச் சிறந்த ஷூட்டர்கள் நின்ற கோர்ட்டில், பந்து வளையத்தில் பட்டுப் பட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடிய 1 நிமிடம் 50 விநாடி இருக்கும்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸின் ஆண்ட்ரே இகுவோடாலா தனியாகக் கூடையை நோக்கி எழும்பினார். கோர்ட்டின் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்த லெப்ரான் ஜேம்ஸ், அந்தப் பந்தைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். சரியாக 53 விநாடி மீதமிருக்கையில் கைரி இர்விங், ஸ்டீஃபன் கரியின் கைக்கு மேலாக, தொலைவிலிருந்து ஒரு மூன்று புள்ளி ஷாட்டைப் போட்டார். முடிவில் 93-89. கிளீவ்லாந்து கேவலியர்ஸ் சாம்பியன்.

அந்த ஊர் பெரிய விளையாட்டு எதிலும் பட்டம் பார்த்து 52 வருடம் ஆகியிருந்தது. இறுதித் தொடரில் 1-3 என்று பின்தங்கிய எந்த அணியும் அதற்கு முன் கோப்பையைத் தொட்டதில்லை. எதிரில் இருந்ததோ, அந்தப் பருவத்தில் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று, மைக்கேல் ஜோர்டானின் சிகாகோ புல்ஸ் 1995-96இல் வைத்த 72 வெற்றி என்ற சாதனையை உடைத்த அணி. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து, இரு அணி வீரர்களுக்குள்ளும் புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தடுப்பது) ஆகிய ஐந்திலும் லெப்ரானே முதலிடம். பருவம் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் தொடர் எதிலும் யாரும் அதுவரை செய்யாத காரியம் அது.

அப்புறம் என்ன? அன்றைக்கே பஞ்சாயத்து தொடங்கிவிட்டது. லெப்ரான் ஜோர்டானைத் தாண்டிவிட்டாரா? அந்தக் கோடையிலேயே லெப்ரான் ஒரு பேட்டியில், தான் துரத்திக்கொண்டிருப்பது சிகாகோவில் ஆடிய ஒரு பேயை என்ற பொருளில் பேசினார். இரண்டு வருடம் கழித்து, அந்த 2016 கோப்பைதான் தன்னை எக்காலத்துக்கும் சிறந்தவன் ஆக்கியது என்று தானே சொல்லிக்கொண்டார். தன் வாயால் சொல்லியிருக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் தப்பாகச் சொன்னார் என்று நிரூபிப்பது, நினைப்பதைவிடக் கஷ்டம்.

இந்த விவாதத்தைப் பல வருடமாகக் கவனித்ததில் எனக்குப் புலப்பட்ட ஒன்று உண்டு. யாரும் அளவுகோலை முதலில் வைத்து ஆளைப் பிறகு தேடுவதில்லை. மாப்பிள்ளையை முடிவு செய்துவிட்டு ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போல, ஆளை மனசுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டு அவருக்குப் பொருந்தும் கணக்கை எடுத்து வைக்கிறார்கள். அந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் எந்தக் காலத்தில், எப்படி உருவானவை என்று பார்த்தால்தான் விவாதம் ஏன் தீராமல் இழுக்கிறது என்பது புரியும்.

கோப்பை எண்ணிக்கையிலிருந்து தொடங்கலாம். ஜோர்டான் கட்சியின் பிரம்மாஸ்திரம் இதுதான்: ஆறு இறுதித் தொடர், ஆறு வெற்றி, ஆறிலும் தொடரின் சிறந்த வீரர் விருது. லெப்ரான் பத்து முறை இறுதிக்குப் போய் நான்கை வென்றவர். 6-0 எங்கே, 4-6 எங்கே என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் கோப்பைதான் அளவு என்றால், பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸல் பேச்சுக்கே இடம் தராமல் முன்னால் வந்து நிற்பார். 13 பருவங்களில் 11 பட்டம், கடைசி இரண்டும் அவரே பயிற்சியாளராகவும் இருந்து வென்றவை. "அது அந்தக் காலம்" என்று அவரை ஒதுக்கினால், சமீப காலத்து ராபர்ட் ஹாரி இருக்கிறார்: மூன்று அணிகளில் ஆடி ஏழு கோப்பை, ஜோர்டானைவிட ஒன்று அதிகம். நல்ல வீரர்தான், இக்கட்டான நேரத்தில் ஷாட் போடுவதில் கெட்டிக்காரர்தான். ஆனால் எக்காலத்துக்கும் சிறந்தவர் பட்டியலில் அவர் பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆக, கோப்பை ஒரு ஆளுக்குச் சாட்சி சொல்லும்போது ஏற்றுக்கொள்கிறோம், இன்னொரு ஆளுக்குச் சொல்லும்போது சாட்சியையே மறுத்துவிடுகிறோம்.

ரஸ்ஸல் 1956இல் லீக்குக்குள் வந்தபோது மொத்தமே எட்டு அணி. அவருடைய பெரும்பாலான பட்டங்களுக்கு இரண்டு தொடர் வென்றால் போதும். இன்று நான்கு தொடர், 16 வெற்றி. இதை வைத்து ரஸ்ஸலின் பட்டங்கள் மலிவானவை என்று சொல்பவர்கள், அதே எட்டு அணியின் மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. இன்று முப்பது அணிக்குப் பரவிக் கிடக்கும் திறமை, அன்று எட்டு ஒன்பது அணிக்குள் அடைந்திருந்தது. ஒரே பருவத்தில் அக்காலத்தின் இன்னொரு ஜாம்பவான் வில்ட் சேம்பர்லைனைத் திரும்பத் திரும்பச் சந்தித்தே ஆக வேண்டும். உப்புச்சப்பில்லாத அணியிடம் வாரத்துக்கு இரண்டு இலவச வெற்றி வாங்கிக்கொள்ள வழியில்லை. ஏழாவது ஆட்டம் வரை போன தொடர்களில் ரஸ்ஸல் பத்து முறை இறங்கி, பத்திலும் வென்றிருக்கிறார். இதை மலிவு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

6-0 என்ற கணக்கில் இன்னொரு வேடிக்கை உண்டு. இறுதித் தொடரில் தோற்றால் கரும்புள்ளி. அதற்கு முன்பே தோற்று வீட்டுக்குப் போனால் கணக்கிலேயே வராது. ஜோர்டான் 1988, 1989, 1990 என்று மூன்று வருடம் தொடர்ந்து டெட்ராய்ட் பிஸ்டன்ஸிடம் தோற்று வெளியேறினார். அந்தத் தோல்விகள் 6-0இல் தெரியாது. லெப்ரான் 2007இல், 22 வயதில், அதே டெட்ராய்ட் அணியை எதிர்த்து ஓர் ஆட்டத்தில் தன் அணியின் கடைசி 25 புள்ளிகளையும் தானே எடுத்து, ஆகச் சாதாரணமான ஓர் அணியை இறுதிக்குக் கூட்டிப் போனார். அங்கே சான் அன்டோனியோவிடம் 0-4. அது இன்றுவரை அவர் பெயரில் தோல்வியாக நிற்கிறது. முன்னதாகவே தோற்றிருந்தால் அவருடைய கணக்கு இன்னும் அழகாக இருந்திருக்கும்! 2011இல் டல்லாஸிடம் தோற்றது வேறு கதை. அந்தத் தொடரில் அவர் சராசரி 17.8 புள்ளி, நான்காவது ஆட்டத்தில் வெறும் 8. அதற்குச் சாக்கு கிடையாது, லெப்ரான் கட்சிக்காரர்கள் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள்.

அடுத்து, ஒரு தனி ஆளின் பெயரில் எழுதப்படும் கோப்பைகள் பெரும்பாலும் வேறொருவர் கைவிட்ட பந்தில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

1962 இறுதி, ஏழாவது ஆட்டம். ஸ்கோர் சமம், சில விநாடிதான் மீதம். லேக்கர்ஸின் ஃபிராங்க் செல்வி போட்ட ஷாட் வளையத்தில் பட்டு வெளியே வந்தது. கூடுதல் நேரத்தில் பாஸ்டன் வென்றது. ரஸ்ஸல் அன்று 30 புள்ளி, 40 ரீபவுண்ட். செல்வியின் பந்து உள்ளே விழுந்திருந்தால் அந்த 40 ரீபவுண்ட் ஒரு தோல்வியின் அடிக்குறிப்பு. 1993இல் ஃபீனிக்ஸ் நகரில் ஜோர்டானின் மூன்றாவது கோப்பையை முடித்தது ஜான் பேக்ஸன் போட்ட மூன்று புள்ளி ஷாட். 1997இல் ஐந்தாவது கோப்பையை முடித்தது, ஜோர்டான் கொடுத்த பந்தை வாங்கி ஸ்டீவ் கெர் போட்ட ஷாட். 2013இல் லெப்ரான் அப்போது ஆடிய மயாமி அணி தோற்றுவிட்டது என்று கோப்பை வழங்கும் ஏற்பாடே தொடங்கியிருந்தது. லெப்ரான் போட்ட ஷாட் தவறியது. கிறிஸ் பாஷ் ரீபவுண்டை எடுத்து மூலைக்குத் தள்ள, ரே ஆலன் பின்னால் நகர்ந்துகொண்டே மூன்று புள்ளி போட்டார். கடிகாரத்தில் 5.2 விநாடி. அடுத்த ஆட்டத்தில் லெப்ரான் 37 புள்ளி எடுத்துக் கோப்பையை வாங்கினார்.

5.2 விநாடி என்றதும் பழைய ரசிகர்களுக்கு வேறொரு படம் ஞாபகம் வரும். 1998, யூட்டா, ஆறாவது ஆட்டம். பிரையன் ரஸ்ஸலை இடமாகச் சறுக்கவிட்டு ஜோர்டான் போட்ட அந்த ஷாட் வலைக்குள் இறங்கியபோதும் மீதமிருந்தது 5.2 விநாடி. 87-86. அன்று அவருக்கு 45 புள்ளி. ஒருவருக்கு 5.2 தன் கையால் வந்தது, இன்னொருவருக்கு நண்பன் கையால் வந்தது. ஜோர்டான் கட்சி இந்த வித்தியாசத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் 1993ஐயும் 1997ஐயும் அவர்களே மறந்துவிடுகிறார்கள்.

2016 தொடரிலும் இப்படிப்பட்ட நூலிழைகள் உண்டு. நான்காவது ஆட்டத்தில் லெப்ரானோடு உரசி அவர் மேல் கைவீசியதால், வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீனுக்கு ஃபவுல் கணக்கு நிறைந்து ஐந்தாவது ஆட்டத்தில் ஆடத் தடை. அதே ஐந்தாவது ஆட்டத்தில் அவர்களுடைய சென்டர் ஆண்ட்ரூ போகட் முழங்கால் அடிபட்டு வெளியேறினார். அந்த ஆட்டத்தில் லெப்ரானும் இர்விங்கும் ஆளுக்கு 41 புள்ளி. ஏழாவது ஆட்டத்தில் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட் எடுத்தார் என்பதைப் பார்க்கும்போது, ஐந்தாவதில் அவர் இருந்திருந்தால் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அதற்கு முந்தைய வருடம் இதே இரு அணிகள் மோதியபோது கேவலியர்ஸ் பக்கம் இர்விங்குக்கும் கெவின் லவ்வுக்கும் காயம். லெப்ரான் சராசரி 35.8 புள்ளி எடுத்தும் கோப்பை கைநழுவியது. இரண்டு வருடக் கணக்கும் நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வாரியர்ஸ் ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கோப்பையை விட்டுவிட்டு எண்களுக்குப் போனால் நிம்மதி கிடைக்கும் என்று நினைப்பவர்களை வழிமறித்து நிற்பவர் வில்ட் சேம்பர்லைன். 1962 மார்ச் 2, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில், நியூயார்க் அணிக்கு எதிராக 100 புள்ளி. தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. அந்தப் பருவம் முழுக்க அவர் சராசரி 50.4 புள்ளி, 25.7 ரீபவுண்ட். ஒரு ஆட்டத்துக்கு 48 நிமிடம். வில்ட் சராசரியாக ஆடியது 48.5 நிமிடம். கூடுதல் நேரம் போன ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டதால் வந்த எண் இது. அதாவது மனிதர் உட்காரவே இல்லை.

அதே பருவத்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் சராசரியாக 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட் எடுத்தார். இப்படி மூன்று கணக்கிலும் பத்துக்குக் குறையாத சராசரியை, அதாவது டிரிபிள்-டபுளை, இன்னொரு ஆள் பருவம் முழுக்க வைக்க 55 வருடம் ஆனது. ஏன் எல்லா அதிசயமும் ஒரே வருடத்தில் நடந்தது? அன்றைய ஆட்டம் ஓடிய வேகம் அப்படி. 1961-62இல் ஓர் அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக 107 ஷாட்டுக்கு மேல் போட்டது. அதில் 43 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. ஆக ஓர் அணி தவறவிட்ட பந்து மட்டுமே 60ஐத் தாண்டும். 2015-16இல் ஓர் அணி போட்டது 85 ஷாட் வாக்கில். தவறியது 46 வாக்கில். தரையில் சிதறிய தானியம் அதிகம் என்றால் பொறுக்கியவன் கூடையும் கனக்கத்தான் செய்யும். இதனால் வில்ட் சிறியவராகிவிட மாட்டார். அதே வேகத்தில் ஓடியவர்கள் எல்லாரும் 50 எடுக்கவில்லையே. முழுப் பருவம் ஆடியவர்களில் அவருக்கு அடுத்து வந்தவரின் சராசரி 31.6தான்.

ஆனால் அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரர் விருது யாருக்குப் போனது தெரியுமா? ரஸ்ஸலுக்கு. அப்போது வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் இல்லை; சக வீரர்கள். வில்ட்டிடம் 50 வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஆட்கள், சீட்டில் ரஸ்ஸல் பெயரை எழுதினார்கள். இந்த விவாதம் முழுவதிலும் நான் மிக அதிக மதிப்புக் கொடுப்பது இந்த ஒரு தகவலுக்குத்தான். எதிரில் நின்று ஆடியவனுக்குத் தெரியும், யாரைக் கண்டால் தன் கால் தயங்குகிறது என்று. அது ஸ்கோர்ஷீட்டில் ஏறுவதில்லை.

ஸ்கோர்ஷீட்டில் ஏறாதவற்றில் பெரியது ரஸ்ஸலின் பிளாக்குகள். என்பிஏ பிளாக்கையும் ஸ்டீலையும் எண்ணத் தொடங்கியது 1973-74இல். ரஸ்ஸல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். வாழ்நாள் முழுக்க எதிராளியின் ஷாட்டைத் தடுத்தே பேர் வாங்கியவருக்கு, அதிகாரபூர்வக் கணக்கில் ஒரு பிளாக்கூட கிடையாது. இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அப்படியே. அது 1969இல்தான் வந்தது, அதுவும் முதல் முறையே தோற்ற அணியின் ஜெர்ரி வெஸ்டுக்குப் போனது. தோற்ற அணி வீரர் அதை வாங்கியது அந்த ஒரு முறைதான். 11 கோப்பை வென்ற ரஸ்ஸலிடம் அந்த விருது ஒன்றுகூட இல்லை. 2009இல் விருதுக்கு அவர் பெயரையே வைத்து லீக் கடனைத் தீர்த்துக்கொண்டது. லெப்ரான் 2016இல் ஐந்து கணக்கிலும் முதலிடம் என்று மேலே எழுதினேனே, அந்த ஐந்தில் இரண்டு ரஸ்ஸல் காலத்தில் எண்ணப்படவே இல்லை. எண்ணாததை முறியடிப்பது சுலபம்.

இப்போது விதிகளுக்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் இரண்டு கட்சியும் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை விழுங்கிவிடுகின்றன.

"ஜோர்டான் காலத்தில் கை வைத்து ஆடலாம், தள்ளலாம், இடிக்கலாம், இன்றைக்குத் தொட்டாலே விசில்" என்பது எல்லா ஊர் கோர்ட்டிலும் கேட்கும் வசனம். உண்மைதான். வெளிவட்டத்தில் பந்தை வைத்திருப்பவரின் இடுப்பில் கை வைத்து மறிப்பதை லீக் 2004-05இலிருந்து கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கியது. எண்பதுகளின் இறுதியில் டெட்ராய்ட் அணி ஜோர்டான் உள்ளே நுழைந்தால் கீழே விழ வைப்பது என்று திட்டம் போட்டே ஆடியது. ஆனால் அதே காலத்தில் மண்டல டிஃபென்ஸ் தடை என்று ஒன்று இருந்தது. டிஃபென்ஸ் ஆடுபவர் ஏதாவது ஒரு எதிராளியைக் காத்தே நிற்க வேண்டும். சும்மா நடுவில் நின்று வழியை அடைத்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே நான்கு பேரை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மறுபக்கத்தை ஜோர்டானுக்கும் ஒரே ஒரு எதிராளிக்கும் காலி செய்து கொடுக்கலாம். ஒற்றைக்கு ஒற்றை என்றால் ஜோர்டானை யார் நிறுத்துவது? 2001-02இல் அந்தத் தடை போனது. அதன் பிறகு வந்த லெப்ரானுக்குத் தொடுகை குறைவு, ஆனால் பாதையில் எப்போதும் இரண்டாவது ஆள், மூன்றாவது ஆள் நிற்பார். எது கடினம்? ஜோர்டானின் விலா எலும்பைக் கேட்டால் ஒன்று சொல்லும், லெப்ரானின் மூளையைக் கேட்டால் வேறொன்று சொல்லும்.

மூன்று புள்ளிக் கோடு 1979-80இல் வந்தது. முதல் வருடம் ஓர் அணி ஒரு ஆட்டத்துக்கு முயன்றது மூன்றுக்கும் குறைவு. 2015-16இல் அது 24. அந்த ஒரு பருவத்தில் கரி மட்டும் 402 மூன்று புள்ளி போட்டார். ஜோர்டான் 15 பருவங்களில் சேர்த்தது 581. ஜோர்டானுக்கு ஷூட் செய்யத் தெரியாது என்றா பொருள்? 1992 இறுதியின் முதல் ஆட்டத்தில், முதல் பாதியிலேயே ஆறு மூன்று புள்ளி போட்டுத் தோளைக் குலுக்கியவர் அவர். தேவைப்படாததை அவர் பழகவில்லை. 2016இல் 18 வயதாக இருந்திருந்தால் பழகியிருப்பார்.

72 வெற்றிக்கும் 73 வெற்றிக்கும் இடையிலான ஒப்பீட்டிலும் இதே சிக்கல். புல்ஸ் 72 வென்ற பருவத்தில்தான் டொரன்டோ, வான்கூவர் என்று இரண்டு புது அணிகள் லீக்கில் சேர்ந்தன; எதிராளிகள் கொஞ்சம் இளைத்த வருடம். மூன்று புள்ளிக் கோட்டையும் அந்த மூன்று பருவங்களுக்கு 22 அடிக்குக் கிட்டத்தில் கொண்டுவந்திருந்தார்கள். சரி, புது அணிகளை மென்று தின்றுதான் 72 என்று முடிவுகட்டப் பார்த்தால், அவர்கள் தோற்ற பத்து ஆட்டங்களில் ஒன்று அதே புது டொரன்டோவிடம், ஒரு புள்ளி வித்தியாசத்தில். அந்த 72 அணியில் ஆடிய ஸ்டீவ் கெர்தான் 73 அணியின் பயிற்சியாளர் என்பது விதியின் குசும்பு. 1996இல் கோப்பையோடு வந்தார், 2016இல் வெறுங்கையோடு.

உடல், பணம், பயணம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எல்ஜின் பேலர் என்ற லேக்கர்ஸ் வீரர் 1961-62 பருவத்தில் ராணுவத்தின் ரிசர்வ் பணியில் இருந்தார். விடுப்புக் கிடைத்த வார இறுதிகளில் மட்டும் சாதாரண விமானம் பிடித்து வந்து ஆடுவார். பயிற்சி கிடையாது. அப்படி ஆடிய 48 ஆட்டங்களில் சராசரி 38.3 புள்ளி, அந்த வருட இறுதித் தொடரில் ஓர் ஆட்டத்தில் 61. இன்றைய வீரர்களின் தனி சமையல்காரர், தனி மருத்துவர், தனி விமானம் எதுவும் அவரிடம் இல்லை. முழங்கால் போனபோது சரிசெய்யும் மருத்துவமும் அன்று இல்லை. பலமுறை இறுதிக்குப் போயும் ஒரு கோப்பைகூட வெல்லாமல், 1971-72 பருவம் தொடங்கி ஒன்பதே ஆட்டத்தில் முழங்கால் தாங்காமல் ஓய்வு அறிவித்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து லேக்கர்ஸ் தொடர்ந்து 33 ஆட்டம் வென்று, அந்த வருடக் கோப்பையையும் எடுத்தது. கோப்பையை எண்ணி ஆளை அளப்பவர்களிடம் நான் எப்போதும் பேலர் கதையைத்தான் சொல்வேன்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? கூடாது என்று சொல்லிவிட்டால் ரசிகனுக்கு என்ன வேலை. எனக்கு நியாயமாகப் படுகிற வழி, ஒருவரைத் தன் காலத்து ஆட்களோடு வைத்து, எவ்வளவு தூரம் விலகி நிற்கிறார் என்று பார்ப்பது. கிரிக்கெட்டில் பிராட்மேனின் 99.94 இன்றும் பேசப்படுவது அது பெரிய எண் என்பதற்காக மட்டும் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நீண்ட காலம் ஆடிய யாரும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை என்பதற்காக. இந்தக் கண்ணோட்டத்தில் ஜோர்டானின் பத்து ஸ்கோரிங் பட்டங்கள் அசைக்க முடியாதவை. 1988இல் அதிகப் புள்ளி எடுத்தவரும் அவர், சிறந்த டிஃபென்ஸ் வீரரும் அவர், லீக்கின் சிறந்த வீரரும் அவர். ஒரே ஒரு தொடருக்கு, ஒரே ஒரு பருவத்துக்கு ஆள் எடு என்றால் நான் ஜோர்டானை எடுப்பேன், யோசிக்க மாட்டேன்.

இன்னொரு வழி, யாருக்குப் பயந்து விதியை மாற்றினார்கள் என்று பார்ப்பது. ஜார்ஜ் மைக்கன் கூடைக்குக் கீழே நின்று ஆட்டத்தை முடித்துக்கொண்டிருந்ததால் 1951இல், தாக்கி ஆடுபவர் நெடுநேரம் நிற்கக் கூடாத அந்தக் கூடையடிக் கட்டத்தின் அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கினார்கள். வில்ட் வந்தார், 1964இல் 16 அடி. கல்லூரிக் கூடைப்பந்தில் 1967இல் டங்க் அடிப்பதையே (எழும்பிப் பந்தைக் கையால் கூடைக்குள் திணிப்பது) தடை செய்தார்கள். அன்று கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்த கரீம் அப்துல்-ஜபாரை மனதில் வைத்துத்தான் என்று பரவலாகப் பேசப்பட்டது. அந்தக் கோபத்தில்தான் என்னவோ, ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி எறியும், யாராலும் தடுக்க முடியாத ஸ்கை-ஹூக் ஷாட்டைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தார். கரிக்காக யாரும் விதி மாற்றவில்லை. ஆனால் அவருக்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் நிற்கும் இடமே பின்னால் நகர்ந்துவிட்டது.

நீண்ட காலம் என்ற அளவை எடுத்தால் போட்டி கரீமுக்கும் லெப்ரானுக்கும் இடையில்தான். கரீமுக்கு ஆறு கோப்பை, ஆறு சிறந்த வீரர் விருது, 20 பருவம். ஜோர்டானைப் பற்றிப் பேசும்போது வரிசையாக அடுக்கப்படும் கோப்பை, விருது எல்லாமே கரீமிடம் இருக்கிறது. இருந்தும் விவாதம் எழும்போது அவர் பெயர் மூன்றாவதாகத்தான் வரும், சில நாள் வரவே வராது. அவர் ஆடியதன் பெரும்பகுதி தொலைக்காட்சி இந்த விளையாட்டை மதிக்காத காலம். 1980இல் லேக்கர்ஸ் கோப்பை வென்ற ஆட்டம், காயத்தால் கரீம் இல்லாமல் மேஜிக் ஜான்சன் 42 புள்ளி எடுத்த ஆட்டம், அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் நேரடியாகக்கூடக் காட்டப்படவில்லை. இரவு பதினோரு மணிக்கு மேல் பதிவாக ஓட்டினார்கள். ஜோர்டானின் 1998 கடைசி ஆட்டத்தை அமெரிக்காவில் மட்டும் மூன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள். லெப்ரானின் பிளாக்கை நாம் பல் துலக்கிக்கொண்டே பார்த்தோம். வில்ட்டின் 100 புள்ளியை நேரில் பார்த்தவர்கள் நான்காயிரத்துச் சொச்சம் பேர்.

2023 பிப்ரவரி 7, லாஸ் ஏஞ்சலஸ். கரீம் வைத்திருந்த 38,387 புள்ளி என்ற சாதனையை லெப்ரான் தாண்டினார். கரீம் அந்தச் சாதனையை வில்ட்டிடமிருந்து எடுத்தது 1984 ஏப்ரலில்; லெப்ரான் பிறந்தது அந்த வருடம் டிசம்பரில். கரீம் நான்கு வருடம் கல்லூரியில் ஆடிவிட்டு 22 வயதில் லீக்குக்கு வந்தவர். லெப்ரான் 18 வயதில், பள்ளியிலிருந்து நேராக. கரீம் 1,560 ஆட்டம் ஆடி, வாழ்நாள் முழுக்கப் போட்ட மூன்று புள்ளி ஷாட் ஒன்றே ஒன்று. லெப்ரானுக்கு 1,410 ஆட்டம் பிடித்தது, மூன்று புள்ளிகள் இரண்டாயிரத்துக்கு மேல். ஒரே எண்ணைத் தொட இருவரும் வந்த வழி இது. ஆட்டத்தை நிறுத்தினார்கள். கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கரீம் எழுந்து வந்து பந்தை வாங்கி, லெப்ரான் கையில் கொடுத்தார். அப்புறம் ஆட்டம் தொடர்ந்தது. ஓக்லஹோமா சிட்டி 133, லெப்ரானின் லேக்கர்ஸ் 130.